மகளுக்குப் பேர் வைக்கணும்: யாருக்கும் இல்லாத பேரா இருக்கணும், ஆனா பிள்ளை கூனிக்குறுகக் கூடாது

கூடல்நகர் அப்பா:

எல்லாருக்கும் வணக்கம். எங்களுக்கு மகள் பிறந்து ரெண்டரை மாசம் ஆகுது. வீட்ல இன்னும் "பாப்பா"தான். பிறப்புச் சான்றிதழையும் பேர் இல்லாமலே வாங்கி வச்சிருக்கோம். பார்க்க வர்றவங்க எல்லாரும் முதல்ல கேக்குறது பேரைத்தான். பதில் சொல்ல முடியாம நிக்கிறேன்.

என் ஆசை இதுதான். என் மக பேர் அவ வகுப்புல இன்னொரு பிள்ளைக்கு இருக்கக் கூடாது. அதே சமயம் பேரைச் சொன்னதும் யாரும் சிரிக்கவும் கூடாது. நான் படிச்ச வகுப்புல என் பேர்ல நாலு பேர் இருந்தோம். வாத்தியார் இனிஷியலை வச்சுத்தான் கூப்பிடுவார். பத்து வருஷம் நான் வெறும் ஒரு எழுத்தா இருந்தேன். அது இப்பவும் மனசுல இருக்கு.

முதல்ல நான் நினைச்சது 'தடாதகை'. நம்ம மீனாட்சிக்கு திருவிளையாடல் புராணம் சொல்ற பேர். மலையத்துவச பாண்டியனும் காஞ்சனமாலையும் செஞ்ச வேள்வித் தீயிலருந்து வந்த பிள்ளை. ஊரெல்லாம் மீனாட்சி இருக்கு, ஒரு தடாதகையை நான் பார்த்ததில்லை. அடுத்தது 'நச்செள்ளை', காக்கைபாடினியார் நச்செள்ளையார். விருந்து வரக் கரைஞ்ச காக்கைக்குப் பலிச்சோறு குடுக்கணும்னு குறுந்தொகையில பாடினவங்க. மூணாவது 'வையை', வைகையோட பழைய பேர்.

மாமனார் பஞ்சாங்கத்தோட நிக்கிறார். பிள்ளைக்குப் பூர நட்சத்திரம். மோ, ட, டி, டு இந்த நாலுல ஒண்ணுல ஆரம்பிக்கணுமாம்.

இன்னொண்ணும் சொல்லணும். என் அப்பத்தா பேரு போதும்பொண்ணு. அஞ்சாவது பொம்பளைப் பிள்ளை, அதனால அந்தப் பேர். இப்ப 82 வயசு. "எனக்கு எங்கப்பா பேரா வச்சாரு? கணக்கை முடிச்சாரு"ன்னு ஒரு நாள் திண்ணையில உக்காந்து சொன்னாங்க. அந்த வார்த்தையைக் கேட்டதுலருந்துதான் பேர் விஷயத்தை நான் லேசா எடுத்துக்க முடியல. உங்களுக்குத் தோணுறதைச் சொல்லுங்க.

செல்லூர்க்காரன்:

தம்பி, வாழ்த்துகள். தடாதகை வேணாம். எனக்கு மீனாட்சி மேல உள்ள பக்தியோடதான் சொல்றேன். பள்ளிக்கூடத்துல முதல் வாரமே அது "தடா" ஆயிரும். தடா சட்டம் 1995லயே காலாவதி ஆயிருச்சு, பிள்ளைகளுக்கு அது தெரியாது. ஆனா "அதுக்குத் தடா போட்டுட்டாய்ங்க"ங்கிற பேச்சு இன்னும் இருக்கே. ஒரு பொம்பளைப் பிள்ளையைப் பார்த்து நாள் பூரா தடா தடான்னு சொன்னா அது எப்படித் தாங்கும்?

கேலியில ரெண்டு தினுசு இருக்கு. ஓசையை வச்சு வர்ற கேலி ஒரு வாரத்துல சலிச்சுப் போகும். பேருக்குள்ளயே ஒரு கெட்ட வார்த்தையோ வேண்டாத அர்த்தமோ உக்காந்திருந்தா அந்தக் கேலி பத்தாவது வரைக்கும் விடாது. பேரைத் துண்டு துண்டா வெட்டிப் பாருங்க. முதல் பாதி என்ன, பின் பாதி என்ன. 'நச்செள்ளை'யில முதல் பாதி நச்சு.

இ-சேவை அக்கா:

தம்பி, முதல்ல ஒரு விஷயம். பதறாதீங்க. பிறப்பை 21 நாளுக்குள்ள பதியணும், அது முடிஞ்சிருச்சு. பேரைச் சேர்க்க 12 மாசம் வரைக்கும் கட்டணம் கிடையாது. அதுக்கப்புறம் 15 வருஷம் வரைக்கும் தாமதக் கட்டணத்தோட சேர்க்கலாம். ஆனா அவ்வளவு நாள் விட்டுறாதீங்க. 2023 அக்டோபர் 1க்கு அப்புறம் பிறந்த பிள்ளைகளுக்குப் பிறந்த தேதிக்கு ஆதாரம் இந்த ஒரு சான்றிதழ்தான். பள்ளிக்கூடம், ஆதார், பாஸ்போர்ட், ஓட்டுநர் உரிமம் எல்லாம் இதை வச்சுத்தான்.

பதிஞ்ச பேரை மொத்தமா மாத்துறது லேசு இல்ல, அரசிதழ் வரைக்கும் போகணும். என் மையத்துக்கு வர்ற பெத்தவங்கள்ல பாதி சண்டை எழுத்துப் பிழைக்காகத்தான். சான்றிதழ் தமிழ்லயும் இங்கிலீஷ்லயும் வரும். ரெண்டையும் ஒரு வெள்ளைத்தாள்ல நீங்களே தெளிவா எழுதிக் குடுங்க. வாயால சொல்லாதீங்க. போன மாசம் ஒரு அப்பா வாயால சொல்லி, 'ழ' போய் 'ல' வந்து, அதுக்கு மூணு தடவை அலைஞ்சார்.

நான் பேர் வைக்கிறவங்களுக்கு ஒரு சோதனை சொல்லுவேன். போன்ல, முன்ன பின்ன தெரியாத ஒருத்தருக்கு அந்தப் பேரைச் சொல்லிப் பாருங்க. ஒரே தடவையில புரிஞ்சுக்கிட்டாங்கன்னா நல்ல பேர். ரெண்டு தடவை சொல்லணும்னா பரவாயில்லை. எழுத்து எழுத்தாச் சொல்லணும்னா, உங்க மக ஆயுசு முழுக்க எழுத்து எழுத்தாச் சொல்லணும்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், மேலூர்:

நண்பருக்கு வாழ்த்து. 31 ஆண்டுகள் வருகைப் பதிவேட்டில் பெயர் கூப்பிட்டவன் என்ற முறையில் சிலவற்றைச் சொல்கிறேன்.

முதலில் உங்கள் மாமனாரின் எழுத்து. தொல்காப்பியம் மொழிமரபில் எந்தெந்த எழுத்து சொல்லுக்கு முதலில் வரும் என்று வரையறுத்திருக்கிறது. ட அதில் இல்லை. ட, டி, டு என்று தொடங்கும் தமிழ்ச்சொல்லே கிடையாது. இந்த நட்சத்திர எழுத்து வரிசை வேறு மொழி மரபிலிருந்து வந்தது. தமிழ் எழுத்தமைப்பை நினைத்து வகுத்ததல்ல. பூர நட்சத்திரப் பிள்ளைகளின் பெற்றோர் அதனால்தான் திண்டாடி, கடைசியில் ஏதோ ஒரு பொருளற்ற ஓசையைப் பெயராக வைத்துவிடுகிறார்கள். 'மோ' ஒன்றுதான் அவருக்கு வழி. அதை அவருக்கு விட்டுக்கொடுங்கள். தொட்டிலில் போடும்போது காதில் சொல்ல ஒரு பெயர், பதிவேட்டில் ஒரு பெயர் என்று வைத்துக்கொள்ளும் குடும்பங்கள் நம் பக்கத்தில் நிறைய. அர்ச்சனைக்கு அந்தப் பெயரைச் சொல்லட்டும்.

இரண்டாவது, பழைய பெயர்களைத் தேடுகிறவர்கள் புலவர் பட்டியலை மட்டும் பார்க்கிறார்கள். பக்கத்தில் ஓர் அகராதியும் வேண்டும். சொற்கள் ஓரிடத்தில் நிற்பதில்லை. நாற்றம் ஒரு காலத்தில் மணம். கிழவன் ஒரு காலத்தில் தலைவன், உரிமையுடையவன். கீழடியில் எழுத்துப் பொறித்த 56 பானை ஓடுகள் கிடைத்ததைப் பற்றிய அறிக்கை 2019இல் வந்தபோது 'குவிரன்', 'ஆதன்' என்ற பெயர்கள் எல்லார் வாயிலும் வந்தன. எனக்குத் தெரிந்தே இரண்டு வீடுகளில் ஆதன் பிறந்திருக்கிறான். சேரலாதன் என்று சேர மன்னர்கள் பெயரிலேயே இருக்கும் சொல் அது, அருமையான பெயர். ஆனால் பிற்கால நிகண்டிலும் அகராதியிலும் அதே சொல்லுக்கு அறிவில்லாதவன் என்றும் ஒரு பொருள் உண்டு. தெரிந்து வைத்தால் தவறில்லை. தெரியாமல் வைத்து, பிள்ளை எட்டாம் வகுப்பில் அகராதியைப் புரட்டும்போது கண்டுபிடித்தால் அவனுக்கு வருத்தமாக இருக்கும்.

நம் விளாச்சேரியில் 1870இல் சூரியநாராயண சாஸ்திரியார் பிறந்தார். தன் பெயரையே பிரித்து, சூரியனைப் பரிதி ஆக்கி, நாராயணனை மால் ஆக்கி, சாஸ்திரியைக் கலைஞர் ஆக்கி, பரிதிமாற் கலைஞர் என்று வைத்துக்கொண்டார். 33 வயதில் போய்விட்டார். அந்தப் பெயர் நிற்கிறது. அவர் செய்ததில் ஒன்றைக் கவனியுங்கள். ஒவ்வொரு துண்டுக்கும் பொருள் இருக்கிறது, துண்டுகள் சேரும்போது நாக்கும் தடுக்கவில்லை.

அழகர்மலை அடிவாரம்:

எல்லாரும் ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடி போயிட்டீங்க. உங்க பாட்டி பேர் என்னாச்சு? எங்க மலை மேல நூபுர கங்கையில இருக்கது ராக்காயி அம்மன். எங்க வீட்ல தலைமுறைக்கு ஒரு ராக்காயி இருந்தாங்க. என் அக்காவோட முடிஞ்சுபோச்சு. இப்ப யாரும் வைக்கிறதில்ல. அப்ப இன்னைக்கு அதுதான அபூர்வமான பேர்? பேரன்ங்கிற வார்த்தையே பெயரன்ங்கிறதுலருந்து வந்ததுன்னு எங்க வாத்தியார் சொல்லுவார். தாத்தன் பேரைச் சுமக்குறவன் பேரன். அந்தச் சங்கிலியை நாமதான் அறுத்துட்டோம்.

எம்பது வயசு அப்பத்தாவுக்கு வாயில நுழையாத பேரை வச்சுட்டு, பிள்ளையைக் கூப்பிடச் சொன்னா எப்படி? எங்க தெருவுல ஒரு பிள்ளைக்கு யக்ஷிதான்னு வச்சாங்க. அது அப்பத்தா வாயில எச்சிதா ஆயிருச்சு. அந்தக் கிழவி என்ன பண்ணும் பாவம்.

செல்லூர்க்காரன்:

அழகர்மலை அண்ணே, நீங்க சொல்றதுல நியாயம் இருக்கு. ஆனா ஒண்ணு நாம பேசாம விடுறோம். குலசாமி பேரை வச்சா, பேரைச் சொன்னதும் எந்த ஊரு, எந்தத் தெருன்னு கேட்டுருவாய்ங்க. சில பேருக்கு அது பெருமை. சில பேருக்கு அது வேலைக்குப் போற இடத்துல, வீடு வாடகைக்குக் கேக்குற இடத்துல வலி. எங்கய்யா எனக்குக் குலசாமி பேர் வைக்காததுக்குக் காரணமே அதுதான். "உன் பேரை வச்சு உன்னை ஒருத்தனும் அளக்கக் கூடாது"ன்னார். அதனால அந்தச் சங்கிலியை அறுத்தவங்க எல்லாரையும் ஒண்ணாச் சேர்த்துக் குறை சொல்லாதீங்க.

அழகர்மலை அடிவாரம்:

ஒத்துக்கிறேன் தம்பி. எனக்கு அது படலை.

கம்பம் பள்ளத்தாக்கு:

எங்க வீட்டுக் கதையைச் சொல்றேன், உதவுதான்னு பாருங்க. என் தம்பி பேரு பென்னிகுக். முல்லைப் பெரியாறு அணையைக் கட்டினவர் பேரு. அணை முடிஞ்சது 1895ல. அந்தத் தண்ணி வந்ததுனாலதான் எங்க பள்ளத்தாக்குல நெல்லு. அது கீழ இறங்கி வைகையில சேர்ந்து, கால்வாய் வழியா மேலூர் வரைக்கும் போகுது. எங்க பக்கம் அந்தப் பேரைக் கேட்டா ஒருத்தரும் சிரிக்க மாட்டாங்க. பெரியவங்க சாமி கும்பிடுற மாதிரி கையை எடுப்பாங்க.

சென்னைக்குப் படிக்கப் போனான். விடுதியில அவனை பென்சில்னு கூப்பிட்டாங்க. கிறிஸ்தவனான்னு கேட்டாங்க. முதல் வருஷம் ரொம்பச் சோர்ந்துட்டான். அப்புறம் ஒரு பொங்கலுக்கு நாலு நண்பர்களைக் கூட்டிட்டு வந்தான். லோயர் கேம்ப் மணிமண்டபத்துக்குக் கூட்டிட்டுப் போய், ஜனவரி 15 பென்னிகுக் பிறந்தநாளுக்கு விவசாயிங்க பொங்கல் வைக்கிறதைக் காட்டினான். அதோட சரி. ஒரு பேர் விசித்திரமா இல்லையாங்கிறது பேர்ல மட்டும் இல்ல, எந்த ஊர்ல நின்னு சொல்றோம்ங்கிறதுலயும் இருக்கு. உங்க மக மதுரையிலயே இருக்கப் போறதில்ல, அதையும் யோசிங்க.

டெக்சாஸ் திருமங்கலத்தான்:

வெளியூர் பேச்சு வந்ததால நானும் ஒண்ணு சொல்றேன். நம்ம பக்கத்துல அப்பா பேரை ஒரு எழுத்தாச் சுருக்கி முன்னாடி போட்டுக்கிறோம். பாஸ்போர்ட்டில் ஒரே பேர் மட்டும் இருந்தா அமெரிக்க விசாவில் முதல் பேர் இருக்க வேண்டிய இடத்துல எஃப்.என்.யு. என்று அச்சாகி வரும். முதல் பேர் தெரியவில்லைன்னு அர்த்தம். என் பேருக்கு அதுதான் வந்தது. வங்கியில், ஆஸ்பத்திரியில், எல்லா இடத்துலயும் நான் ரெண்டு வருஷம் ஃப்னு. 2022 நவம்பர்ல ஐக்கிய அரபு அமீரகமும் ஒற்றைப் பேர் பாஸ்போர்ட்டுக்குச் சுற்றுலா விசா இல்லைன்னு சொல்லி, அப்புறம் அப்பா பேர் பாஸ்போர்ட்டில் இருந்தாப் போதும்னு தளர்த்தினாங்க. எந்தப் பேர் வச்சாலும் கூடவே அப்பா பேரையோ அம்மா பேரையோ முழுசா ஒரு இடத்துல வச்சிருங்க. பேர் தமிழா இருக்கது பிரச்சினையே இல்லை. இங்க எல்லாரும் எல்லாப் பேரையும் கத்துக்கிறாங்க, நாம பொறுமையா ரெண்டு தடவை சொன்னா.

கூடல்நகர் அப்பா:

எல்லாருக்கும் நன்றி. தடாதகையை விட்டுட்டேன். செல்லூர் அண்ணன் சொன்ன மாதிரி வெட்டிப் பார்த்தேன், மனசு வரல.

நேத்து வையையைச் சோதிச்சேன். சிலப்பதிகாரத்துல "வையை என்ற பொய்யாக் குலக்கொடி"ன்னு ஒரு வரி வரும், அதைச் சொல்லி அப்பத்தாகிட்ட விளக்கினேன். ரெண்டு தடவை கூப்பிட்டுப் பார்த்தாங்க. அப்புறம், "ஏப்பா, பச்சப்பிள்ளையைக் கூப்புடும்போதெல்லாம் வையி வையிங்கணுமா? நான் வாங்குன வசவு பத்தாதா?"ன்னு கேட்டாங்க. நம்ம பக்கத்துல வையிறதுன்னா திட்டுறது. இந்த ஊர்லயே பிறந்து வளர்ந்த எனக்கு அது தோணவே இல்ல. புத்தகத்துல படிக்கிறப்ப அது ஆறாவே இருந்துச்சு.

வைகைன்னே வச்சிரலாமான்னு கேட்டேன். "தண்ணி வராத ஆத்துப் பேரா?"ன்னாங்க. இப்ப கையில ஒண்ணும் இல்ல.

பறம்பின் மகள்:

இவ்வளவு நாள் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இன்று எழுதத் தோன்றியது.

பாரி மகளிர் இருவருக்கும் வழங்கும் பெயர்களில் ஒன்றுதான் என் பெயர். புறநானூறு அவர்களைப் பாரி மகளிர் என்று மட்டும்தான் சொல்கிறது. பெயர்கள் பிற்கால வழக்கு. "அற்றைத் திங்கள் அவ்வெண் ணிலவில்" என்று தொடங்கும் பாட்டு அவர்களுடையது. என் அப்பா சிங்கம்புணரியில் கடை வைத்திருந்தவர். கடையிலிருந்து பிரான்மலை தெரியும். அதுதான் பாரியின் பறம்பு என்பார்கள். அதனால் எனக்கு அந்தப் பெயர்.

2007இல் வந்த ஒரு பெரிய படத்தில் அந்த இரண்டு பெயர்களையும் கேலிக்கு வைத்தார்கள். பெயரை மட்டுமல்ல, அந்தப் பெண்களின் நிறத்தையும். நான் அப்போது எட்டாம் வகுப்பு. நானும் கறுப்புதான். படம் வந்த மறுவாரம் பள்ளிக்கூடம் போகவே பயமாக இருந்தது. பேருந்தில், டியூஷனில், கல்யாண வீட்டில். பெயர் கேட்டால் சொல்லாமல் இருக்கப் பழகிக்கொண்டேன்.

இதை எழுதுவது உங்களைப் பயமுறுத்த இல்லை. என் அப்பா பெயரில் ஒரு தவறும் செய்யவில்லை. நல்ல பெயர், சொல்ல எளிதான பெயர். எங்கோ ஒருவர் அதை எடுத்து அழுக்காக்கினார். அதை எந்தப் பெற்றோரும் முன்கூட்டித் தடுக்க முடியாது. என்னைக் காப்பாற்றியது ஒன்றுதான். அந்தப் படம் வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே, எனக்கு நான்கைந்து வயது இருக்கும்போதே, அப்பா தோளில் வைத்துக்கொண்டு அந்த மலையைக் காட்டி, முல்லைக் கொடிக்குத் தேரைக் கொடுத்தவரின் கதையைச் சொல்லியிருந்தார். அந்தப் பெண்கள் அப்பாவையும் மலையையும் இழந்து, நிலவைப் பார்த்துப் பாடியதைச் சொல்லியிருந்தார். கேலி வரும்போது என் பெயருக்குள் ஏற்கெனவே ஆள் இருந்தார்கள். வெறும் பெயராக இருந்திருந்தால் மாற்றியிருப்பேன். கல்லூரியில் மாற்றிக்கொள்ளச் சொன்னார்கள், மாற்றவில்லை.

எந்தப் பெயரை வைத்தாலும் கதையைச் சீக்கிரம் சொல்லிவிடுங்கள். கேலிக்கு முன்னால் கதை போய்ச் சேர்ந்துவிட வேண்டும்.

செல்லூர்க்காரன்:

தங்கச்சி, நீ எழுதினதைப் படிச்சிட்டு ரொம்ப நேரம் உக்காந்திருந்தேன். அந்தப் படத்துக்கு நானும் தியேட்டர்ல சிரிச்சவன். மன்னிச்சிரும்மா.

நானும் ஒண்ணு சொல்றேன். என் மகன் பேரு வழுதி. பாண்டியங்களுக்கு இருந்த பேர். வச்சப்ப வீட்ல யாருக்கும் பிடிக்கல. எல்.கே.ஜி.யில வழுக்கைன்னாங்க. இங்கிலீஷ்ல எழுதினா வெளிமாநிலத்து டீச்சர் வஜுதின்னு படிச்சாங்க. மூணாவது படிக்கிறப்ப ஒரு நாள் அழுதுட்டு வந்து, "சாதாரணப் பேர் வச்சிருக்கலாம்லப்பா"ன்னான். எனக்கு வயித்தைப் பிசைஞ்சிருச்சு.

அடுத்த ஞாயித்துக்கிழமை பைக்ல வச்சு மாங்குளத்துக்குக் கூட்டிட்டுப் போனேன். மீனாட்சிபுரத்துப் பக்கம் இருக்க மலை. ஏறுறதுக்குள்ள நாக்குத் தள்ளிருச்சு. பாறைக்கு அடியில படுக்கை வெட்டியிருக்கு, மேல நெத்தியில எழுத்து. சமண முனிவர் கணிநந்தனுக்காக நெடுஞ்செழியனோட அதிகாரி ஒருத்தர் செஞ்சு குடுத்தது. ரெண்டாயிரம் வருஷத்துக்கு மேல பழசு. அந்த அதிகாரி பேரு கடலன் வழுதி. தமிழி எழுத்து அட்டவணையை வீட்லருந்து எழுதிக் கொண்டுபோயிருந்தோம். வ, ழு, அப்புறம் தி. ஒவ்வொண்ணா அவனே தேடிக் கண்டுபிடிச்சான். வெயில்ல நின்னுக்கிட்டு, பாறையைத் தொடாம, காத்துலயே விரலால எழுதிப் பார்த்தான். "அப்பா, இந்த 'ழ' என்னோட 'ழ'"ன்னான்.

இப்ப அவனுக்குப் பதினொண்ணு. பேரைச் சொல்லி யாராவது புரியாமப் பார்த்தா அவனே விளக்குறான். பறம்பு தங்கச்சி சொன்னது சத்தியம். ஆனா நான் மூணாவது வரைக்கும் காத்திருந்தது தப்பு.

டெக்சாஸ் திருமங்கலத்தான்:

அடுத்த தடவை ஊருக்கு வரும்போது அந்த மலைக்குப் போறேன்.

கூடல்நகர் அம்மா:

நான் இவரோட மனைவி. பத்து நாளா ராத்திரி இதைத்தான் படிச்சிட்டிருக்கார், அதனால நானும் படிச்சேன். எல்லாரும் எங்க பிள்ளைக்காக இவ்வளவு யோசிச்சதுக்கு நன்றி. பிள்ளையைப் பெத்தவளை மட்டும் யாரும் கேக்கலையேன்னு இருந்துச்சு, அதான் எழுதுறேன்.

எங்கம்மா மேலூர்ல பூக்கட்டி விக்கிறவங்க. விடியக்காலையில மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்குப் போயிட்டு வருவாங்க. மதுரைன்னா எல்லாரும் மல்லியத்தான் சொல்லுவாங்க. மல்லி விலை ஏறி கையில எடுக்க முடியாத நாள்ல எங்க வீட்ல அடுப்பு எரிஞ்சது முல்லையாலதான். சின்னப் பூ, கட்டுறதுக்கு நேரம் எடுக்கும். நானும் தங்கச்சியும் கட்டிக் குடுத்துட்டுத்தான் பள்ளிக்கூடம் போவோம். என் சட்டையில எப்பவும் அந்த வாசனை இருக்கும். அதை வச்சே என்னைப் பூக்காரின்னு கூப்பிட்டாங்க. அப்ப அழுதிருக்கேன். இப்ப நினைச்சா அந்த வாசனைதான் எனக்கு அம்மா.

முல்லைன்னு மட்டும் வச்சா ரொம்பச் சின்னதா இருக்குன்னு இவர் சொல்றார். அதோட சேர்த்து வைக்கிற மாதிரி, இவருக்குப் பிடிச்ச பழைய பேர் ஏதாவது இருக்கா? ஐயா சொன்னா நல்லா இருக்கும்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், மேலூர்:

அம்மா, உங்களைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும்.

சேர்த்து வைக்க வேண்டியதில்லை, முழுப்பெயராகவே இருக்கிறது. அள்ளூர் நன்முல்லையார் என்று ஒரு சங்கப் புலவர், பெண்பாற் புலவர். குறுந்தொகை 157ஆம் பாட்டு அவருடையது. "குக்கூ என்றது கோழி" என்று தொடங்கும். பாட்டே நான்கு வரிதான். முழுப்பொருளைப் பெரியவள் ஆனதும் அவளே படித்துக்கொள்ளட்டும். முதல் மூன்று சொல்லை இரண்டு வயதிலேயே சொல்லிவிடுவாள்.

நன்முல்லை. நல்ல முல்லை. அகராதியைப் பார்த்துவிட்டேன். முல்லைக்குப் பூ, நிலம், கற்பு, காத்திருத்தல் என்றெல்லாம் பொருள் விரிகிறது. வேண்டாத பொருள் ஏதும் எனக்குத் தென்படவில்லை.

செல்லூர்க்காரன்:

வெட்டிப் பார்த்தேன். நன் நல்லது, முல்லை பூ. தொல்லைன்னு எதுகை போடுவாய்ங்க. போடட்டும், அது ஓசைக் கேலி, ஒரு வாரம் தாங்கும். எனக்குச் சம்மதம்.

இ-சேவை அக்கா:

ழ இல்ல, ஷ இல்ல, ஸ இல்ல. ஒரே ஒரு இடம் மட்டும் கவனம். இங்கிலீஷ்ல எழுதினதை மட்டும் பார்த்துத் தமிழ்ல திருப்பி எழுதுறவங்க முள்ளைன்னு போட்டுருவாங்க, பூ முள்ளா ஆயிரும். ரேஷன் கார்டு, பள்ளிக்கூடப் பதிவேடு எல்லாத்துலயும் தமிழ் எழுத்தை ஒரு தடவை கண்ணால பார்த்துட்டுக் கையெழுத்துப் போடுங்க. நேத்து ஒரு வாடிக்கையாளர்கிட்ட போன்ல சொல்லிப் பார்த்தேன். முதல் தடவை "என்ன முல்லை?"ன்னார். ரெண்டாவது தடவை புரிஞ்சிருச்சு.

பறம்பின் மகள்:

முல்லை. என் பெயரின் கதையிலும் அந்தக் கொடிதான் இருக்கிறது.

கூடல்நகர் அப்பா:

மூணு வாரம் கழிச்சு வர்றேன், மன்னிக்கணும். பேர் பதிஞ்சாச்சு. தாள்ல எழுதித்தான் குடுத்தேன். சான்றிதழ்ல 'ல்லை' சரியா வந்திருக்கான்னு அங்கயே நின்னு ரெண்டு பேரும் பார்த்தோம்.

போன வாரம் தொட்டில்ல போட்டோம். மாமனார் 'மோகனவல்லி'ன்னு காதுல மூணு தடவை சொன்னார். அவர் முகத்துல அவ்வளவு நிறைவு. அதுக்கு அப்புறம் அப்பத்தாவைச் சொல்லச் சொன்னோம். குனிய முடியல, பிள்ளையைத் தூக்கி அவங்க வாய்க்கிட்ட கொண்டுபோனோம். நன்முல்லைன்னு முழுசாச் சொல்லிட்டாங்க, தடுக்கவே இல்ல. இப்ப அவங்களுக்கு அது "முல்ல". காலையில திண்ணையிலருந்து "ஏத்தா முல்ல, முழிச்சிட்டியாடி"ன்னு கேக்குற சத்தம் அடுத்த தெருவுக்குக் கேக்கும்.

ஐயா, உங்ககிட்ட ஒரு உதவி. அன்னைக்கு எல்லாரும் போன பிறகு அப்பத்தா என்னைப் பக்கத்துல கூப்பிட்டு, "அந்தப் பழைய பாட்டுக்காரவுகள்ல எனக்குத் தகுந்த மாதிரி ஒரு பேரு இருக்குமாய்யா?"ன்னு கேட்டாங்க. எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியல. மாத்துறதுக்கு இல்ல, தெரிஞ்சுக்கத்தான் கேட்டாங்க.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், மேலூர்:

இருக்கிறது. மதுரை நல்வெள்ளியார். குறுந்தொகையிலும் நற்றிணையிலும் அவர் பாட்டு இருக்கிறது. பெண்பாற் புலவர், பெயரிலேயே மதுரை இருக்கிறது. நல்வெள்ளி என்று சொல்லுங்கள். காலையில் தெரியுமே, விடிவெள்ளி, அந்த வெள்ளி என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

கூடல்நகர் அப்பா:

சொன்னேன் ஐயா. இன்னொரு தடவை சொல்லச் சொன்னாங்க.